டாப்பெட் பார்க்கும் லுப்னா

லுப்னா என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது போனில், ஒரு குறையோடு சேர்த்து. பன்னிரண்டு வருஷம் இருக்கும். என் தங்கை பத்ருன்னிசா புதுநகரத்திலிருந்து கூப்பிட்டாள். அவள் மகன் அக்மலுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. பொள்ளாச்சியில் ஒரு பெண், பெயர் லுப்னா, நல்ல உயரம், ஓதத் தெரியும், பேச்சில் மரியாதை இருக்கிறது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவள், கடைசியில் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒரே ஒரு சங்கதிதான் அக்கா. அவளுக்கு டாப்பெட் பாக்கத் தெரியுமாம்."

குறி பார்ப்பது மாதிரி ஏதோ என்று நினைத்து, நம் மார்க்கத்தில் அதெல்லாம் கூடாதே என்றேன். பிறகுதான் தங்கை விளக்கினாள். டாப்பெட் என்பது வண்டி என்ஜினுக்குள் இருக்கும் சமாச்சாரம். பெண்ணின் அத்தா முகமது இஸ்மாயில் ராவுத்தர் லாரி பழுது பார்க்கும் ஷெட் வைத்திருக்கிறார். மூன்றும் பெண். நடுவில் உள்ளவள் பள்ளிக்கூடம் விட்டால் ஷெட்டில்தான் நிற்பாள். பாலிடெக்னிக்கில் அதற்கே படித்தும் விட்டாள். வந்த மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பேர் இதைக் கேட்டுவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள் சொல்லி அனுப்பவே இல்லையாம்.

எந்த இஸ்மாயில் என்று யோசித்துப் பார்த்தேன். என் அம்மாவுடைய சின்னம்மா மகள் ஜுலைகாவை ஆனைமலையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவளுடைய கொழுந்தனார் மகன்தான் இவர். ஜுலைகாவின் மூத்தவள் கல்யாணத்தில் பந்தலில் ஜெனரேட்டர் நின்றுபோனபோது, புதுச் சட்டையோடு அதைக் கழற்றி ஓட்டிவிட்டு, கரி படிந்த கையோடேயே பிரியாணிக்கு உட்கார்ந்த பையன். அந்தப் பையனின் மகள் என்றால் வேறென்ன தெரியும்? சம்மதம் என்று சொல் என்றேன்.

அக்மலுக்கு இடப்பள்ளியில் கார் விற்கும் ஷோரூமில் வேலை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பான். டயரில் காற்று இல்லையென்றால் என்ன செய்வது என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. கல்யாணம் முடிந்து இரண்டு பேரும் மட்டாஞ்சேரிக்கு எங்கள் வீட்டு மாடிக்கே குடி வந்தார்கள். கீழே என் மாமனார் காலத்து அரிசிக் கிட்டங்கி. பின்பாதியில் என் கொழுந்தன் கபீர் இஞ்சியும் மிளகும் அடுக்கி வைத்திருந்தான். முன்பாதி காலியாகக் கிடந்தது. வந்த மூன்றாம் மாசம், அதில் ஒரு மூலையைத் தனக்குக் கொடுக்க முடியுமா என்று லுப்னா கேட்டாள். சும்மா கிடப்பதுதானே என்று கபீர் தலையாட்டினான்.

முதலில் வந்ததெல்லாம் பெண்களின் ஸ்கூட்டர். ஆண்கள் நிற்கும் கடையில் ஒரு மணி நேரம் காத்திருக்கப் பிடிக்காதவர்கள், இங்கே மாடியேறி வந்து என்னோடு சாயா குடித்துவிட்டு வண்டியை எடுத்துப் போனார்கள். பிறகு பழைய கார்கள் வர ஆரம்பித்தன. பழைய கார் வைத்திருப்பவர்கள் ஒரு தனி ஜாதி. ஒருவர் ஒரு நல்ல கையைக் கண்டுவிட்டால் எல்லோரும் அங்கேதான் போவார்கள். எதிரே சாயாக்கடை போட்டிருக்கும் ராமபத்ரன் சேட்டன், வண்டிக்கு வரும் கூட்டத்தால் தன் கடையில் வடை தீர்ந்துபோகிறது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்படிப் பத்து வருஷம் போயிற்று. அப்புறம்தான் கபீரின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கூடவே அம்பாசடர் விவகாரமும் வந்தது.

அந்த அம்பாசடரைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். அறுபத்தாறில் என் மாமனார் வாங்கியது. எங்கள் வீட்டிலிருந்து கட்டிக்கொடுக்கும் பெண்ணும் சரி, எங்கள் வீட்டுக்குக் கட்டி வரும் பெண்ணும் சரி, வாசலுக்கும் படகுத்துறைக்கும் இடையே அதில்தான் வர வேண்டும், போக வேண்டும். அந்தக் காலத்தில் துறையிலிருந்து எர்ணாகுளத்துக்குப் படகு. இப்போது துறையில் வேறு காருக்கு மாறிக்கொள்கிறார்கள், ஆனால் துறை வரை அம்பாசடர்தான். முன்னால் தஃப் கொட்டு அடிப்பவர்கள் நடப்பார்கள். பின்னால் வண்டி அவர்கள் நடையில் ஊர்ந்து வரும். துறை வரும்வரை என்ஜின் அணையக் கூடாது. அதில் முதலில் போனது என் நாத்தனார் சுல்தான் பீவி. இரண்டாவதாக வந்தது நான். எண்பத்தேழில் என் மாமனாரின் தம்பி பேத்தி மைமூன் போகும்போது மட்டும் பஜார் நடுவில், சுக்குக் கிட்டங்கி முன்னால் என்ஜின் நின்றுவிட்டது. சுமட்டுக்காரர்கள்தான் தள்ளிக்கொண்டு போனார்கள். மைமூன் ஆலுவாயில் மூன்று பிள்ளை பெற்று நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் எந்தக் கல்யாணத்துக்கு வந்தாலும், "மைமூனு, நீ தள்ளி விட்டாதான் நகருவியோ?" என்று யாராவது கேட்காமல் விட மாட்டார்கள்.

அந்த வண்டிமேல் கபீருக்கு அறுபது வயசில் இன்னொரு ஆசை வந்தது. அவனோடு பள்ளியில் படித்த சேவியர், கப்பலில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்று தேவராவில் இருக்கிறார். அவரிடமும் ஒரு அம்பாசடர் உண்டு. பழைய வண்டிக்காரர்கள் வருஷா வருஷம் வாகமண் மலைக்கு ஓட்டிப் போவார்கள். இரண்டு வருஷமாக சேவியர்தான் முதலில் மேலே போய் நின்றுகொண்டு, கபீர் வரும்போது கைக்கடிகாரத்தைப் பார்ப்பாராம். அதனால் கபீர் லுப்னாவிடம் என்ஜினைப் பெரிதாக்கித் தரச் சொன்னான். அவள் சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கினாள், ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு வைத்தாள். மிச்சம் இருந்தது கேம்ஷாஃப்ட் ஒன்றுதான்.

கேம்ஷாஃப்ட் என்றால் என்ன என்று நான் கிட்டங்கி வாசலில் நாற்காலி போட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். முழங்கையைவிடக் கொஞ்சம் நீளமான ஒரு கம்பி. அதில் எட்டு இடத்தில் முட்டை மாதிரி மேடு. கம்பி சுற்றும்போது ஒவ்வொரு முட்டையின் கூரும் ஒரு வால்வைத் தள்ளித் திறக்கும். கூர் நகர்ந்ததும் ஸ்பிரிங் மூடிவிடும். பெட்ரோல் காற்று உள்ளே வர ஒரு வால்வு, புகை வெளியே போக ஒரு வால்வு. நாலு சிலிண்டருக்கு எட்டு.

கபீர் தன் மகனிடம் சொல்லி லண்டனிலிருந்து பந்தயக் கேம்ஷாஃப்ட் ஒன்று வரவழைத்திருந்தான். லுப்னா கோயமுத்தூரில் தனக்குத் தெரிந்த பட்டறையில் பழைய கம்பியையே வேறு அளவில் அரைத்து வாங்கி வந்திருந்தாள். இரண்டும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. லண்டன் முட்டை தடியாக, தோள் அகன்று இருந்தது. கோயமுத்தூர் முட்டை கொஞ்சம் ஒல்லி.

"மாமா, லண்டன் கம்பி நல்ல கம்பிதானுங்க. ஆனா இந்த வண்டிக்கு வேண்டாங்க" என்றாள் லுப்னா. கபீர் ஏன் என்று கேட்டான். அவள் ஜன்னல் வழியே படகுத்துறைப் பக்கம் கையைக் காட்டினாள். "படகுல ஏற ஒரு வாசல், இறங்க ஒரு வாசல், ரெண்டும் ஒரே நேரத்துல திறந்திருந்தா என்ன ஆகும்? கூட்டம் ஓடி வந்தா பரவால்லங்க, வர்ற வேகத்துல பழைய ஆளுங்களையும் தள்ளி விட்டுட்டு உள்ள நின்னுக்கும். கூட்டம் ஆடி அசைஞ்சு வந்தா, ஏறுனவங்க அந்தப் பக்கமா இறங்கிப் போயிருவாங்க. லண்டன் கம்பி ரெண்டு வாசலையும் ரொம்ப நேரம் சேத்துத் திறந்து வைக்கும். மலையில பறக்கும். தஃபுக்குப் பின்னால நடக்கச் சொன்னா குலுங்கிக் குலுங்கி அணைஞ்சு போகும்."

கபீருக்கு வாகமண் கண்ணில் நின்றது. ஆனாலும் மைமூன் கதை அவனுக்கும் தெரியும். தாடியைத் தடவிக்கொண்டே சொன்னான். "சரி, உன் கம்பியே போடு. ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. என் மக உள்ள இருக்கும்போது வண்டி நின்னா, கிட்டங்கியை ஒழிச்சுக் கொடுத்துடணும். காஃபிக் கடை வைக்க ஒரு ஆள் கேட்டுக்கிட்டே இருக்கான்."

அது விளையாட்டுப் பேச்சில்லை. எங்கள் தெருவில் பாதிக் கிட்டங்கிகள் வெளிநாட்டுக்காரர்கள் உட்கார்ந்து காஃபி குடிக்கும் இடமாகிவிட்டன. லுப்னா சரி மாமா என்று மட்டும் சொல்லிவிட்டு, கோயமுத்தூர் கம்பியைத் துணியால் துடைக்க ஆரம்பித்தாள். ஆனால் துடைத்த இடத்தையே நாலு தடவை துடைத்ததை நான் பார்த்தேன்.

கம்பி உள்ளே போய், வண்டி ஸ்டார்ட் ஆனதும் வந்தது அடுத்த வம்பு. வால்வின் தலைக்கும் அதைத் தட்டும் ராக்கருக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி விட வேண்டும். சூட்டில் இரும்பு நீளும், அதற்கான இடம் அது. அந்த இடைவெளியைச் சரியாக வைப்பதற்குத்தான் டாப்பெட் பார்ப்பது என்று பெயர். பழைய கம்பிக்கு, அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் பதினைந்து விட வேண்டும். கோயமுத்தூர்க்காரர் தன் கம்பிக்குப் பதினெட்டு விடச் சொல்லி அனுப்பியிருந்தார். லுப்னா தகடு தகடாக இருக்கும் ஃபீலர் கேஜை உள்ளே விட்டுப் பதினெட்டு வைத்தாள். இடைவெளி கூடினால் தட்டும் சத்தமும் கூடும். டக்கு டக்கு டக்கு என்று, பானெட்டுக்குள் யாரோ உட்கார்ந்து ஜாக்கெட் தைக்கிற மாதிரி.

அந்தச் சத்தத்தை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டில் அடித்த கூத்து கொஞ்ச நஞ்சமல்ல. ராமபத்ரன் சேட்டன், "மோளே, எனக்கு ரெண்டு சட்டை தைக்கணும், அளவு எப்ப எடுப்பே?" என்று கேட்டார். மணப்பெண், தன் ஊர்வலம் தையல்கடை ஊர்வலமாகப் போகப் போகிறது என்று முகத்தைத் தூக்கிக்கொண்டாள். கபீர் வண்டி ஓடும்போதெல்லாம் காதைப் பொத்திக் காட்டினான். நானும் சும்மா இருக்கவில்லை. சம்பந்தி வீட்டார் பழைய தகர வண்டி என்று நினைத்துவிடப் போகிறார்கள், கொஞ்சம் அடக்கிவையேன் என்று இரண்டு தடவை சொன்னேன். கல்யாண வண்டி பூனை மாதிரி போக வேண்டும் என்பது எங்கள் எல்லோர் மண்டையிலும் ஊறிய விஷயம்.

லுப்னா வேண்டாம் வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். நாலாம் நாள் சாயங்காலம், எங்களுக்காக, ஸ்பேனரை எடுத்துப் பதினெட்டை எட்டாகக் குறைத்தாள். சத்தம் போயே போயிற்று. எல்லோரும் அவளைக் கொண்டாடினோம். கபீர் ராமபத்ரன் சேட்டன் கடையில் எல்லோருக்கும் சாயா சொன்னான். அவள் மட்டும் தன் சாயாவைக் குடிக்காமல் ஆறவிட்டாள்.

கல்யாணத்துக்குப் பதினோரு நாள் இருக்கும்போது, மணப்பெண்ணுக்கு உடுப்பு எடுக்க அந்த வண்டியிலேயே இடப்பள்ளிக்குப் போனோம். லுப்னா ஓட்டினாள், நானும் பெண்ணும் பின்னால். கடைக்குப் போகும் வழியில் சந்திப்பில் நல்ல வெயிலில் முக்கால் மணி நேரம் நெரிசல். திரும்பி வரும்போது தேவரா தாண்டுவதற்குள் வண்டி நொண்ட ஆரம்பித்தது. நிறுத்தி நிறுத்தி இருமியது. லுப்னா மெதுவாகத் திருப்பி சேவியர் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

சேவியர் லுங்கியோடு வந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு மீட்டரைச் சொருகிப் பார்த்தார். மூன்றாவதில் அழுத்தம் பாதிகூட இல்லை. "எத்தனை வெச்சே?" என்று கேட்டார். எட்டு என்றாள். அவர் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கல்யாண வீட்டுக்காரங்க சத்தம் வேண்டாம்னு சொன்னாங்களா?" என்றார். நான் ஜவுளிப் பையைத் திறந்து எண்ண ஆரம்பித்தேன்.

நடந்தது இதுதான். புதிதாக அரைத்த வால்வு ஓட ஓட இன்னும் கொஞ்சம் உள்ளே போய் உட்காரும். அதில் இடைவெளி குறையும். வெயிலில் நெடுநேரம் நின்று இரும்பு நீண்டபோது மிச்சம் இருந்ததும் போய்விட்டது. வால்வு முழுசாக மூட இடமில்லை. மூடாத ஓரத்தில் நெருப்பு புகுந்து அரித்துவிட்டது.

அன்று சாயங்காலம் கபீரிடம் அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று எனக்குப் பயமாக இருந்தது. பெட்ரோல் சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். நீங்கள் எல்லோரும்தானே அடக்கச் சொன்னீர்கள் என்று எங்கள்மேல் போட்டிருக்கலாம், அது உண்மையும்கூட. அவள், "தப்பு என்னோடதுதாங்க மாமா. எட்டு வெச்சா எரியும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வெச்சேன்" என்றாள்.

கபீர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அவன் அமைதியாக, துறை வரைக்கும் வெள்ளைக் கார் ஒன்று வாடகைக்குப் பேசிவிடுகிறேன் என்றான். காஃபிக் கடைக்காரனை ஒன்றாம் தேதி வரச் சொல்கிறேன் என்றும் சொன்னான். லுப்னா ஒன்றே ஒன்று கேட்டாள். கல்யாணத்தன்று காலை வரை டயம் கொடுங்கள், அன்று வண்டியைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று. அவன் ஆகட்டும் என்றான்.

புது வால்வு கோயமுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்தது. அவள் என்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றி, வால்வை அதன் இடத்தில் வைத்து, மணல்போல் நறநறவென்றிருக்கும் அரைப்புப் பசை தடவித் தேய்த்துத் தேய்த்து உட்கார வைத்தாள். பெட்ரோல் ஊற்றி ஒரு சொட்டுகூடக் கசியவில்லை என்று பார்த்த பிறகுதான் பூட்டினாள். பதினெட்டு வைத்தாள். டக்கு டக்கு திரும்பி வந்தது. இந்தத் தடவை வீட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை.

கல்யாணத்தன்று சுபுஹு தொழுகை முடிந்து நான் கீழே வந்தபோது, அவள் குளிர்ந்த என்ஜினின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். ஹெட்டை மறுபடி முறுக்கிவிட்டுக் கடைசியாக ஒரு தடவை டாப்பெட் பார்க்க வேண்டுமாம். என்ஜினைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்ற முன்னால் இரும்புப் பிடியைப் போட்டுத் திருப்ப ஒரு ஆள் தேவை. அக்மல் திருப்பினான், இரண்டே சுற்றில் மூச்சு வாங்கியது, பிடியும் கழன்று விழுந்தது. அப்போது கபீர் தொழுதுவிட்டுப் பள்ளியிலிருந்து வந்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். புது வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "தள்ளு" என்று பிடியை வாங்கினான்.

அதில் ஒரு கணக்கு உண்டு. எட்டாவது வால்வு முழுசாகத் திறந்திருக்கும்போது ஒன்றாவதைப் பார்க்க வேண்டும். ஏழு திறந்திருந்தால் இரண்டு. ஆறு திறந்திருந்தால் மூன்று. எதைச் சேர்த்தாலும் ஒன்பது வரும். எனக்குப் பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி, ஆனால் ஒன்பது வரை கூட்ட வரும். எது திறந்திருக்கிறது என்று லுப்னா சொல்ல, எதைப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்ல, கபீர் சுற்றினான். ஆறாவதுக்கு வந்தபோது லுப்னா தகட்டை அவன் கையில் கொடுத்து, உள்ளே விட்டு இழுத்துப் பாருங்கள் மாமா என்றாள். அவன் இழுத்தான். வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி லேசாகப் பிடித்துக்கொண்டு வந்தது.

"எட்டு தகட்டைக் கொடு" என்றான். அதை விட்டுப் பார்த்தான். தடையே இல்லாமல் போய் வந்தது. இரண்டு தகட்டையும் விரலுக்கு நடுவில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "இத்தனூண்டுக்கா?" என்றான்.

"இத்தனூண்டுதாங்க மாமா."

அவன் சட்டையில் கறுப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது. அப்போதும் வெள்ளைக் காரை வேண்டாம் என்று சொல்லவில்லை. "நீயே ஓட்டு. வெள்ளை வண்டி பின்னால வரட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சட்டை மாற்றப் போனான்.

பதினோரு மணிக்குப் பெண் ஏறினாள். பட்டுச் சேலையும் முக்காடுமாக லுப்னா ஓட்டும் இடத்தில் உட்கார்ந்தாள். நான் பெண்ணுக்குப் பக்கத்தில். முன்னால் தஃப்காரர்கள். டக்கு டக்கு டக்கு. சம்பந்தி வீட்டில் ஒரு பெரியவர், என்ன சத்தம் அது என்று கேட்டார். கபீர் அவரிடம் குனிந்து, "பதினெட்டு வெச்சிருக்கு. எட்டு வெச்சா எரிஞ்சுபோகும்" என்று, தானே கண்டுபிடித்த மாதிரி சொன்னான்.

சுக்குக் கிட்டங்கி பக்கத்தில், மைமூன் நின்ற அதே இடத்தில், அரிசி லாரி ஒன்று குறுக்கே நின்று மூட்டை இறக்கிக்கொண்டிருந்தது. நகர வழியில்லை. உச்சி வெயில். தஃப்காரர்கள் நின்ற இடத்திலேயே அடித்தார்கள். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். சூட்டு முள் மேலே ஏறிக்கொண்டே போனது. வண்டிக்கு வெளியே கபீர் நடந்து வந்தவன் பானெட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றான், காய்ச்சல் பார்ப்பதுபோல. கல்யாணத்துக்கு வந்திருந்த மைமூன் கூட்டத்திலிருந்து முன்னால் வந்து, எதற்கும் இருக்கட்டும் என்று சேலையை இடுப்பில் செருகிக்கொண்டாள். லுப்னா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். டக்கு டக்கு டக்கு. ஒன்றுகூட விடவில்லை. தஃப்காரர்களில் மூத்தவர் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, தன் கையை அந்தச் சத்தத்துக்கு ஒத்துப் போட ஆரம்பித்தார். மற்றவர்களும் அதில் சேர்ந்துகொண்டார்கள். மணப்பெண் அன்று முதல் தடவையாகச் சிரித்தாள். இருபத்திரண்டாவது நிமிஷம் லாரி நகர்ந்தது.

துறையில் போய் லுப்னா சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தபோது, அந்த அமைதிதான் எங்களுக்கு விநோதமாக இருந்தது. கபீர் மகளை இறக்கிவிட்டு, கண்ணைத் துடைத்துவிட்டு, லுப்னாவின் ஜன்னல் பக்கம் வந்தான். பாராட்டுவான் என்று பார்த்தேன். "அந்த லண்டன் கம்பியைச் சேவியருக்குக் கொடுத்துடலாம். சும்மா கிடக்குது" என்றான்.

கொடுத்தும் விட்டான். சேவியர் அதைப் போட்டுக்கொண்டு வாகமண்ணில் மறுபடியும் முதலாவதாக வந்தார். ஆனால் தேவரா சிக்னலில் ஒவ்வொரு தடவையும் ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே நிற்க வேண்டியிருக்கிறது. பக்கத்தில் நிற்கும் பஸ்காரர்கள் இவர் பந்தயத்துக்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டு முறைக்கிறார்களாம். கபீர் இரண்டாவதாகத்தான் வந்தான். அவன் வண்டியை மேலே நிறுத்தி, அணைக்காமல், பானெட்டில் ஒரு கிளாஸ் சாயாவை வைத்துச் சேவியருக்குக் காட்டினானாம். ஒரு சொட்டு சிந்தவில்லை.

காஃபிக் கடைக்காரர் ஒன்றாம் தேதி வந்தார். கபீர் அவரை ராமபத்ரன் சேட்டன் கடையில் உட்காரவைத்துச் சாயா வாங்கிக் கொடுத்து அனுப்பினான். இஞ்சி மூட்டைகள் பக்கத்துக் கிட்டங்கிக்குப் போயின.

இப்போது லுப்னா முன்பாதி, பின்பாதி இரண்டிலும் இருக்கிறாள். இதைச் சொல்லும் இந்த நேரத்தில், கீழே ஒரு பழைய ஃபியட்டின் அடியில் படுத்திருக்கிறாள்.